அறுநூற்றுப் பன்னிரண்டு

சேரப்பணஞ்சேரியிலிருந்து போகும் எங்கள் பள்ளி வேன், ஒரகடம் சாலையில் அப்பா வேலை பார்த்த கம்பெனியைத் தாண்டும்போது நான் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வேன். கேட்டுக்கு மேலே ஒரு பெரிய பலகை. ‘ஆக்சிடென்ட் இல்லாத நாட்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே சிவப்பு விளக்கில் எண் எரியும். தினமும் ஒன்று கூடும். யாரும் ஏணி போட்டு ஏறி மாற்றி நான் பார்த்ததில்லை. கடவுளே நேரில் வந்து மாற்றுகிறார் என்று மனதார நம்பினேன். அப்போது நான்காம் வகுப்பு.

ஆயிரம் வந்தால் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் தருவார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு ஹாட்பாக்ஸ் பெரிதில்லை. மூன்று இலக்கம் நான்காகும் அந்தக் காலையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பலகையில் அறுநூற்றுப் பதினொன்று எரிந்த அன்று, பிரஸ் மெஷினில் மாட்டி அப்பாவின் வலது ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது. கட்டுப்போட்ட கையோடு அவர் வீட்டுக்கு வந்ததும் ஓவென்று அழுதேன். நாளைக்குப் பலகையில் பூஜ்யம் வந்துவிடுமே என்றும் சேர்த்து அழுதேன். எதற்கு எவ்வளவு அழுதேன் என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலமே கம்பெனி அதிகாரி ஒருவர் ஆப்பிள் பையோடு வந்தார். ஷூவை வாசலில் கழற்றினார். அப்பாவை ‘சார்’ என்றார். காண்ட்ராக்டில் வேலை பார்த்த என் அப்பாவை ஒருவர் சார் என்று கூப்பிட்டு அன்றுதான் முதல்முறை கேட்டேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கையெழுத்துக்காக அவர் நீட்டிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன்.

“இன்னா சார், இன்சிடென்ட்னு போட்டுகீது? ஆக்சிடென்ட்னுதானே போடணும்?” என்றார் அப்பா.

“ஆக்சிடென்ட்னா பெருசு சார். இது சும்மா இன்சிடென்ட்.”

ஓடிப்போய் என் பள்ளி அகராதியை எடுத்து வந்து உரக்கப் படித்தேன். இன்சிடென்ட் என்றால் நிகழ்ச்சி. ஆக்சிடென்ட் என்றால் விபத்து.

“வெரலு போனது நிகழ்ச்சியா? மைக்செட்டு கட்டிகினா நடத்துனாங்க?” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?”

வேறு வேறு என்று எனக்குத் தெரியும். அகராதி என் கையில்தான் விரிந்து கிடந்தது. ஆனால் ஆக்சிடென்ட் என்று எழுதினால் பலகை பூஜ்யமாகிவிடும்.

“கிட்டத்தட்ட ஒண்ணுதாம்பா” என்றேன்.

“பாப்பா கெட்டிக்காரி” என்றார் அதிகாரி. அப்பா இடது கையால் எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பலகையில் அறுநூற்றுப் பன்னிரண்டு எரிந்தது. எனக்குப் புல்லரித்தது. நான் சொன்ன ஒரு வார்த்தை அவ்வளவு பெரிய எண்ணை விழாமல் பிடித்துவிட்டதே என்று மலைத்துப்போனேன்.

மூன்று மாதத்தில் அப்பாவின் காண்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. இழப்பீடு கேட்டுப் போன இடத்தில், தாளில் விபத்து என்றே இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருப்பி அனுப்பிய கதை எனக்குக் கல்லூரிக் காலத்தில்தான் தெரியவந்தது. அன்று தெரிந்தது பலகை மட்டும்தான். ஆயிரம் எரிந்த காலையில் வேனில் முதலில் கைதட்டியவள் நான். அன்று சாயங்காலம் ஓடிவந்து சொன்னபோது, ஒரு குடோனில் வாட்ச்மேன் ஆகியிருந்த அப்பா, “அப்படியா! ஹாட்பாக்ஸ் குடுத்துட்டாங்களா?” என்று சிரித்தார்.

இரண்டு அர்த்தத்தையும் நான் உரக்கப் படித்ததை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காண்ட்ராக்ட் ஆள் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். வீட்டில் யாராவது ஒருவர் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் போட்டுவிடலாம் என்றுதான் என்னைக் கேட்டிருக்கிறார். அதை நான் அர்த்தம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.