இரண்டு கருவிகள் இணைந்துள்ளன

இதில் ஜோடனை எதுவும் கிடையாது. தேதி, மணி, நிமிடம் எல்லாம் முகமது அஸ்வரின் நோட்டில் நீல மையில் இருக்கின்றன. கோட்டைப்பட்டினத்தில் அவன் போகும் மாலை வகுப்பில் தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் எதையாவது எழுதித் தள்ளும்போது, அவன் மட்டும் மணி போட்டு எழுதுவான். எழுதியதைத் தானே சந்தேகப்பட்டு அடிப்பான். ஓரத்தில் ‘சரியாகத் தெரியவில்லை’ என்று குறிப்பும் வைப்பான். பிப்ரவரி பதிமூன்றாம் தேதிக்குப் பிறகு உள்ள பக்கங்களில் ஓர் அடித்தல் கூட இல்லை.

மீமிசலில் அவர்கள் வீட்டில் மூன்று பேர். அஸ்வர், அவன் உம்மா ராபியா, மதினி பவுசியா. மதினியின் கணவர், அதாவது அஸ்வரின் அண்ணன் சேக் அலாவுதீன், கத்தாரில் கட்டட வேலையில் இருந்தார். நவம்பர் கடைசியில் சாரத்திலிருந்து விழுந்து மௌத்தானார். உடலை அங்கேயே அடக்கிவிட்டார்கள். கடைசியாக முகம் பார்க்காததால் பவுசியா அதை நம்பவே இல்லை. “போன்ல சார்ஜ் இருக்காது. நாளைக்குப் பேசுவாக” என்றே இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை. இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆளைப் பிழைக்க வைத்தார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள், தானாகவே, “அவுக மௌத்தாயிட்டாக மாமி” என்று வாய்விட்டு அழுதாள். அன்றைக்குத்தான் ஒரு பிடி சோறு தின்றாள்.

“இன்னொரு தடவ படுத்தா அந்தப் புள்ள தாங்காதுடா. அவ மனசக் கலைக்கிற மாதிரி ஒரு பேச்சு இந்த வீட்ல வரக் கூடாது” என்று உம்மா சொல்லியிருந்தாள்.

பவுசியா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இருக்க வேண்டியது. உள்ளறையை விட்டு வர மாட்டாள். கணவரின் தம்பியானாலும் முகம் பார்க்கக் கூடாது. அறை வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. கூடத்து டிவியில் சத்தம் வைப்பதில்லை.

பன்னிரண்டாம் தேதி, லீவில் வந்த ஒருவர் வசம் அண்ணனின் சாமான்கள் வந்தன. உடுப்பு, கம்பளி, அத்தர், ஒரு கேம் கன்சோல், ஒரு கறுப்பு ஹெட்போன். ஊருக்கு வந்து தம்பியோடு ஆட வாங்கியவை. போன் வரவில்லை. விழுந்தபோது அது சட்டைப்பையில் இருந்தது. நொறுங்கிவிட்டது.

“ஆடிக்க. ஆனா சத்தம் அந்தத் திரைக்கு அங்கிட்டுப் போகக் கூடாது” என்றாள் உம்மா.

மறுநாள், வியாழன். மாலை 7.31. அஸ்வர் கன்சோலை டிவியில் மாட்டி, ஹெட்போனின் வலப்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தான். நீல விளக்கு மினுக்கியது. கன்சோல் திரையில் ஹெட்போனின் பெயர் வந்தது. தேர்ந்தெடுத்தான். காதுக்குள் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது... இரண்டு கருவிகள் இணைந்துள்ளன.

இரண்டா?

பகலில் அவனுக்கு செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. இதெல்லாம் அத்துப்படி. தன் போனாக இருக்கும் என்று அதில் புளூடூத்தை அணைத்தான். மறுபடி இணைத்தான். இரண்டு. போனையே அணைத்தான். இரண்டு. உம்மாவிடம் இருப்பது பழைய பட்டன் போன். மதினி தன் போனைப் பீரோவில் போட்டுப் பூட்டி வாரம் ஒன்றாகிறது.

“என்னடா, காதுல ரெண்டு கொட்டாங்குச்சியக் கவுத்துக்கிட்டு முழிக்கிற?”

“ஒண்ணுமில்ல உம்மா. செட்டாக மாட்டேங்குது.”

விளையாட்டில் கார் நின்ற நேரத்தில்தான் அதைக் கவனித்தான். பின்னால் ஓர் இரைச்சல். சீராக. ஏசி ஓடுகிற சத்தம்.

அவர்கள் வீட்டில் ஏசி கிடையாது.

7.56. தூரத்தில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. ஹெட்போனைக் கழற்றினான். கேட்கவில்லை. மாட்டினான். கேட்டது. ஊர்ப் பள்ளிவாசலில் இரவு இஷா தொழுகையே முடிந்திருந்தது. எனக்குத்தான் காது சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டு படுத்தான்.

வெள்ளி. மறுபடி அந்தப் பாங்கு. 7.57. ஒரு நிமிடம் தள்ளி. அவன் போனில் தேடிப் பார்த்தான். கத்தாரில் அப்போது மணி 5.27. அங்கே சூரியன் மறைந்து, மஃரிப் பாங்கு சொல்லும் நேரம்.

மஃரிப் தொழுதுவிட்டுத்தான் அண்ணன் தினமும் பவுசியாவைக் கூப்பிடுவார். இங்கே மணி எட்டு ஐந்து ஆகியிருக்கும்.

அன்று 8.05 வரை உட்கார அவனுக்குத் தைரியம் வரவில்லை.

சனி. ஹெட்போனுக்குரிய செயலியைத் தன் போனில் ஏற்றினான். இணைந்த கருவிகளின் பட்டியல் வந்தது. முதலாவது, கன்சோல். இரண்டாவது...

சேக் அலாவுதீன் போன்.

புளூடூத் முப்பது அடிக்கு மேல் எட்டாது. அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். அடுக்களை. கூடம். பச்சைத் திரை.

அழித்துவிடலாம். அந்தப் பொத்தானை ஏழு விநாடி அழுத்திப் பிடித்தால் பழைய இணைப்பெல்லாம் போய்விடும். மாட்டிக்கொண்டு விரலை வைத்தான்.

8.05.

காதுக்குள் மணி அடித்தது.

விரல் பொத்தானில் இருந்தது. அதே பொத்தான்தான் அழைப்பை எடுக்கவும்.

ஏசி இரைச்சல்... யாரோ மூச்சு விடுகிற சத்தம்...

“டேய்... அஸ்வரா?”

அஸ்வர் பட்டியலில் இருந்த பெயரை மறுபடி பார்த்தான்.

“எத்தன நாளா அடிக்கிறேன். ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறீங்க. பவுசியாகிட்ட குடு.”

அது அண்ணன் குரல். பாதிப் பேச்சில் இருமும் அதே இருமல்.

“மதினி... வெளிய வரக் கூடாது காக்கா.”

“ஏன்?”

“இத்தாவுல இருக்காக.”

ஏசி சத்தம் நின்றது. மூச்சும் நின்றது.

“யாருக்கு?”

அஸ்வரின் கை ஹெட்போனுக்குப் போனது.

“அஸ்வரு... யாருக்குடா அவ இத்தா இருக்கா?”

பிடுங்கி எறிந்தான். 8.07.

அப்போதுதான் புரிந்தது. ஹெட்போன் மறைப்பது உள்ளே வரும் சத்தத்தை மட்டும். அதைப் போட்டிருப்பவனுக்குத் தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாது. அண்ணனைக் கூப்பிடுவது போலவே ‘காக்கா’ என்று அவன் கூடம் முழுக்கக் கேட்கச் சொல்லியிருந்தான்.

திரும்பினான்.

பச்சைத் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள். அசையாமல்.

“மாமி” என்றாள் பவுசியா உள்ளிருந்து. குரலில் அழுகை இல்லை. “அவன் யாருகிட்ட பேசுனான்?”

“வெளயாடுறான்மா. நீ போய்ப் படு” என்றாள் உம்மா.

பாதங்கள் வெகுநேரம் அங்கேயே இருந்தன...

மறுநாள் விடிந்ததும் அஸ்வர் ஹெட்போனை உடைத்தான். மீன் இறக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் வீசினான். கன்சோலைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டான். பவுசியா எதுவும் கேட்கவில்லை. மறுபடி படுத்துவிடுவாளோ என்று அவன் ஒரு வாரம் பயந்து செத்தான். நடந்ததோ வேறு.

“ரெண்டு வேளையும் நல்லா சாப்பிடுறாடா. மொகத்துல சிரிப்புகூட வருது” என்றாள் உம்மா. “எட்டு மணியானா மட்டும் என்னையும் வெளிய போகச் சொல்லிர்றா. ஓதுறா போல.”

இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிறு. காலை 11.20. கத்தாரிலிருந்து செல்லமுத்து பேசினார். திருவரங்குளத்துக்காரர். அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்.

“தம்பி, சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருக்கு. ஒங்க அண்ணன் படுத்திருந்த கட்டில்ல இப்ப யாரும் படுக்கிறதில்ல. அவரு போனதுலேருந்து தெனம் சாயங்காலம் அங்கிட்டுப் பேச்சுச் சத்தம். ஹலோ, ஹலோன்னு.”

“இப்ப நின்னுருச்சாண்ணே?”

“இல்ல தம்பி. போன வாரம் சனிக்கிழம ‘யாருக்குடா’ன்னு ஒரு சத்தம். மறுநாளேருந்து ரெண்டு கொரல் கேக்குது. ஒண்ணு பொம்பளக் கொரல்.”

“என்ன சொல்லுது?”

“ஒரே பேச்சுதான். நாள் மட்டும் ஒவ்வொண்ணாக் கொறையுது. நேத்து என்ன சொன்னுச்சுன்னா... ‘பொறுத்துக்கங்க. இத்தா முடிய இன்னும் நாப்பத்திரெண்டு நாள்தான். முடிஞ்ச அன்னிக்கே ஒங்ககிட்ட வந்துர்றேன்’னு.”

செல்லமுத்துவே கேட்டார்.

“ஆமா... இத்தான்னா என்ன தம்பி?”

அஸ்வர் நாள்காட்டியை எடுத்து எண்ணினான். மூன்று தடவை எண்ணினான். முந்தின நாள் கணக்கில் சரியாக நாற்பத்திரண்டு.

அன்றிலிருந்து அவன் நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம், ஒரே ஓர் எண்தான்.

நேற்றைய பக்கத்தில் 17 என்று இருக்கிறது. மதினி நன்றாகச் சாப்பிடுகிறாளாம்.