முன்னறையில் நின்ற கப்பல்

குடும்பத்தில் அவளை எல்லோரும் ஜோடனையக்கா என்றே அழைத்தார்கள். திரைச்சீலைக் கடையொன்றில் துணி வெட்டுவது அவள் தொழில். நீள மேசையில் துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடிட்டு, கத்தரியை நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். மிஞ்சும் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கடைக்காரர் அனுமதித்திருந்தார். அவள் வீட்டில் நடந்த விருந்துகளெல்லாம் அந்தத் துண்டுகளிலிருந்தும் வீட்டிலிருந்த பழைய சாமான்களிலிருந்தும் பிறந்தவை.

சும்மா கூடிச் சாப்பிட்டுக் கலைவது அவளுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு விருந்துக்கும் ஒரு கரு வேண்டும். ஒருமுறை முன்னறை ரயில் நிலையமானது: பயணப் பெட்டிகளே மேசைகள், வாசலில் அட்டைச் சீட்டு, காகிதக் குவளையில் தேநீர். ஒருமுறை நிலா: விளக்குகளை அணைத்து, எவர்சில்வர் தட்டுகளைச் சுவரோரம் சாய்த்து, ஒரே ஒரு டார்ச் விளக்கை அவற்றின்மேல் அடித்தாள். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையும் முறுக்கிய பழைய செய்தித்தாளும் மறுமுறை காடாயின. எதையும் புதிதாக வாங்கக் கூடாது என்பது அவள் சட்டம். வருகிறவர்கள் கருவுக்கு ஏற்ற நிறத்தில் உடுத்தி, ஆளுக்கொரு தின்பண்டம் கொண்டுவர வேண்டும்.

"மொதல்ல வெளிச்சத்த மாத்து, பாதி வேல முடிஞ்சிடும்" என்பாள், யோசனை கேட்டு வருகிறவர்களிடம். "அப்புறம் மூணே மூணு சாமான். அதுக்கு மேல வெச்சா கடை மாதிரி இருக்கும், ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

மீதிப் பாதி அவள் கணவருடையது. அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கூட்டத்தில் வந்து உட்காரக் கூச்சப்படுவார்; ஆனால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, விருந்துக்கு வேண்டிய ஓசைகளையெல்லாம் உண்டாக்குவார். முறத்தில் பருப்பை உருட்டினால் மழை. தகரத்தை உலுக்கினால் இடி. கடைசி ஓசை மட்டும் எந்த விருந்தானாலும் ஒன்றுதான்: பச்சைநிறப் பெரிய கண்ணாடிப் புட்டியின் வாயில் உதடு பதித்து, கப்பல் புறப்படுவதுபோல நீளமாக ஊதுவார். வாசலில் நிற்கும் அக்கா மருந்துப் புட்டியொன்றை எடுத்துச் சின்னதாகப் பதில் ஊதுவாள். அதன் பிறகே தாழ்ப்பாள் திறக்கும். அதுவரை ஒருவரும் படியிறங்கக் கூடாது.

வயிறு நிறைந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிடுகிற அக்காவின் தம்பியைப் பிடித்து வைப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்தத் தம்பி, "இது விருந்தா ஜெயிலா மாமா?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்துவான். "ஜெயில்ல சாப்பாடு இவ்ளோ நல்லா இருக்காதுடா மாப்ள" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

கடைசியாக நடந்தது கப்பல் விருந்து. திரைச்சீலைக்கு உட்புறம் தைக்கும் நீலத் துணியை உத்தரத்தின் குறுக்கே கொடி கட்டி அலையலையாகத் தொங்கவிட்டாள். சன்னல்களில் வட்ட ஓட்டை வெட்டிய அட்டைகள். நடுவில் பெரிய அலுமினியத் தொட்டி நிறையத் தண்ணீர். அதில் காகிதப் படகுகள். விளக்குக்கு நீலக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தாள். வாசற்படிக்கு வெளியே கரை என்று பெயர். செருப்புகளைக் கரையில் விட்டுவிட்டுத்தான் கப்பலில் ஏற வேண்டும்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். அக்கா மருந்துப் புட்டியுடன் வாசலில் வந்து நின்றாள். சமையலறையிலிருந்து ஊதல் வரவில்லை.

"கேப்டன் தூங்கிட்டாரு போல" என்றான் தம்பி. "அப்ப கப்பல யாரு ஓட்டுறது? நானா?"

சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் பிற்பாடு அவளை விடவேயில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பச்சைப் புட்டி மடியில் இருந்தது. ஊதுவதற்காக மூச்சை இழுத்தவர்போல வாய் சற்றே திறந்திருந்தது.

உதவிக்குக் கூப்பிட ஓடி வந்தபோது அவள் கையிலிருந்த மருந்துப் புட்டி விழுந்து சுக்கு நூறானது. யார் யாரோ அவரைத் தூக்கினார்கள். எல்லோரும் மருத்துவமனைக்கு ஓடினார்கள், ஒருவரும் விடைபெறவில்லை. விருந்துக்கு வந்திருந்த மாடிவீட்டு அம்மாள் செருப்பை மாட்டாமல் வெறுங்காலோடு ஓடினார். மருத்துவமனையில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

காரியங்களெல்லாம் முடிந்து ஓராண்டுக்கு மேலாயிற்று. முன்னறை மட்டும் கப்பலாகவே நின்றது. நீலத் துணியை அவள் இறக்கவில்லை. தொட்டித் தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினாள்; படகுகள் ஊறிக் கூழாகி அடியில் படிந்தபின் அதே மடிப்பில் புதிதாகச் செய்து மிதக்கவிட்டாள். மாடிவீட்டு அம்மாளின் செருப்புகள் வாசலில் விட்ட இடத்திலேயே கிடந்தன. கேட்டு வர அந்த அம்மாளுக்கும் மனமில்லை, கொண்டுபோய்க் கொடுக்க அக்காவுக்கும் கையெழவில்லை.

பச்சைப் புட்டி சமையலறைச் சன்னல் விளிம்பில் இருந்தது. காற்று ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து அடித்தால் அதன் வாயில் பட்டு 'ம்ம்' என்று மெல்ல முனகும். காற்றின் வேலை என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆயினும் கேட்டவுடன் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். முனகல் ஒருபோதும் முழு ஊதலாக வளர்ந்ததில்லை. மூச்சை இழுத்தவர் விடவேயில்லை என்பதுபோல் பாதியில் நின்றுவிடும். தாழ்ப்பாளில் வைத்த கையை அவள் எடுத்துக்கொள்வாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் மகள் இருந்தாள். பயணச்சீட்டு முன்பதிவு அலுவலகமொன்றில் வேலை. வெளியூர்க் கிளையைப் பொறுப்பேற்று நடத்தும்படி நிர்வாகம் ஒருமுறை கேட்டு, அவள் மறுத்துவிட்டாள். இப்போது மறுபடியும் கேட்டிருந்தார்கள். இனி மூன்றாம் முறை கேட்கமாட்டார்கள் என்பது அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியும்.

"போயேன்டி. உன்ன யாரு கட்டிப் போட்டிருக்கா?" என்றாள் அக்கா, காய் நறுக்கியபடியே.

"நீதான்."

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"நீ ஒண்ணும் சொல்லல. நான் எங்கயாவது கிளம்பறப்ப பின்னாடியே வாசலுக்கு வந்து நிக்கிற. கடைக்குப் போனாக்கூட. தாப்பாள்ல கை வெச்சுக்கிட்டு, சமையலறைப் பக்கம் காது குடுத்துக்கிட்டு. எப்படிம்மா நான் போறது?"

அக்காவின் கத்தி நின்றது. தான் அப்படி நிற்பது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

"அந்த விருந்து இன்னும் முடியலடி" என்றாள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

"அப்ப முடி. கூப்பிடு எல்லாரையும். ஊதி அனுப்பு."

மகள் எரிச்சலில் சொன்னதை அக்கா அப்படியே பிடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு அதே ஆட்களை, அதே நீல நிறத்தில் வரச்சொன்னாள். யாருக்கும் வர விருப்பமில்லை. வராமலிருக்கத் துணிவுமில்லை.

தம்பி ஊதா நிறச் சட்டையில் வந்தான். "நீலம் துவைக்கப் போட்டிருக்கு" என்றான். அது பொய், சென்ற முறை அணிந்த சட்டையை அவன் மறுபடி போட அஞ்சினான். மாடிவீட்டு அம்மாள் படிகளில் வெறுங்காலுடன் இறங்கி வந்தார். வாசலில் கிடந்த தம் செருப்புகளைப் பார்த்தும் பார்க்காதவர்போல உள்ளே நுழைந்தார்.

நீலத் துணி மேலே அசைந்துகொண்டிருந்தது. வெளிச்சம் எல்லோர் முகங்களையும் நீரடியில் கிடப்பவர்களின் முகங்களாக்கியது. கொண்டுவந்த பழத்துண்டுகளையும் ரொட்டிகளையும் அவர்கள் சத்தமில்லாமல் தின்றார்கள். சென்ற முறை அவரவர் உட்கார்ந்த இடத்திலேயே இப்போதும் உட்கார்ந்திருந்ததை, ஒருவர் பின் ஒருவராக உணர்ந்தார்கள். உணர்ந்தபின் இடம் மாறிக்கொள்ளவும் பயமாக இருந்தது. தொட்டியிலிருந்த படகொன்று தானாகவே மெல்லச் சுழன்று சமையலறைப் பக்கம் திரும்பியது.

"விசிறிக் காத்து" என்றான் தம்பி, ஒருவரும் கேளாமலேயே.

சாப்பாடு முடிந்தது. யாரும் எழவில்லை.

"மாமா..." என்று பழக்கத்தில் தொடங்கிய தம்பி வாயை மூடிக்கொண்டான். மாடிவீட்டு அம்மாள் அவனைத் தொடையில் கிள்ளினார்.

"நீதாம்மா போகணும்" என்றாள் மகள். "வேற யாரும் இல்ல."

அக்கா வாசலைப் பார்த்தாள். அத்தனை ஆண்டுகளும் அவள் நின்ற இடம் அதுதான். பதில் ஊதுவது மட்டுமே அவள் பங்கு. முதல் ஊதலை அவள் ஒருபோதும் ஊதியதில்லை. மகளையும் பார்த்தாள். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, நேரம் தெரியாத நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்பவள்போல மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைக் கண்டபின் அக்கா சமையலறைக்குள் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

புட்டியின் வாய் குளிர்ந்திருந்தது. முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. உதட்டைச் சற்றுக் கீழே இறக்கினாள். இரண்டாம் முறையும் காற்றே. மூன்றாவதாக மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து, கண்ணை மூடி, ஊதினாள். கனத்த, நீண்ட ஓசை எழுந்தது. பாத்திர அலமாரியிலிருந்த கரண்டிகள் அதிர்ந்தன. மூச்சு தீரும்வரை ஊதிவிட்டுப் புட்டியை இறக்கினாள்.

அப்போது பதில் வந்தது. சின்னதாக, சற்றே பிசிறோடு, மருந்துப் புட்டியின் குரலில்.

வாசல் பக்கமிருந்து வந்தது.

கதவில் காதை வைத்தாள். மகள்தான், இவள் அறியாமல் வேறொரு புட்டியைத் தயாராக வைத்திருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்த பிறகே வெளியே வர முடிந்தது.

முன்னறையில் எல்லோரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். வாசலருகே ஒருவருமில்லை. மகளின் கைகள் அப்போதும் கைப்பையின் மேலேயே இருந்தன. அவர்களுடைய பார்வைகளோ வாசலை நோக்கியல்ல, சமையலறையிலிருந்து வந்த இவளை நோக்கியே இருந்தன. அங்கிருந்தவர்களைப் பிற்பாடு தனித்தனியாகக் கேட்டபோதும் மாறாமல் ஒன்றையே சொன்னார்கள்: இரண்டு ஊதல் கேட்டது, இரண்டும் சமையலறையிலிருந்து வந்தன.

"ரெண்டையும் நீயே ஊதிட்டியாம்மா?" என்றாள் மகள். அவள் கண் நிறைந்திருந்தது. முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு தளர்வு தெரிந்தது. "சின்னது ஒடஞ்சிடுச்சின்னு சொன்னியே."

அக்கா வாசலைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் இன்று மாத்திரமல்ல, என்றைக்குமே இந்த வீட்டிலிருந்து கிளம்பமாட்டாள்.

"ஆமா" என்றாள். "வேற ஒண்ணு தேடி வெச்சிருந்தேன்."

பிறகு நடந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

மாடிவீட்டு அம்மாள்தான் முதலில் எழுந்தார். கரையில் கிடந்த தம் செருப்புகளுக்குள் கால் நுழைத்து, "வார் கொஞ்சம் இறுகிடுச்சு. பரவால்ல, போயிட்டு வரேம்மா" என்றார். தம்பி எல்லோரையும் முந்தவிட்டுக் கடைசியாக நின்று, அக்காவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நீலத் துணியை அம்மாவும் மகளுமாக இறக்கி, இரு முனைகளையும் பிடித்து நடந்து வந்து மடித்தார்கள். தொட்டியைக் கவிழ்த்தார்கள். விளக்கிலிருந்த கண்ணாடித்தாளைக் கிழித்ததும் அறை சட்டென்று சிறுத்து, சுவர்க் கறைகளோடு வெறும் முன்னறையானது.

அந்த வாரமே மகள் பெட்டியுடன் கிளம்பினாள். அக்கா வாசலுக்கு வந்து நின்றாள்; கை தாழ்ப்பாளில் இல்லை, மகளின் பையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. தெருமுனை திரும்பும் முன் மகள் கையசைத்தாள்.

அக்கா உள்ளே வந்து, முன்னறையைக் கூட்டினாள். வாசற்கதவின் மூலையில், அன்று உடைந்ததைப் பெருக்கும்போது தப்பியதோ என்னவோ, மருந்துப் புட்டியின் கழுத்து மட்டும் கிடைத்தது. எத்தனையோ முறை கூட்டிய மூலை அது. விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

அதைக் கழுவவில்லை. சமையலறைச் சன்னலில், பச்சைப் புட்டியின் பக்கத்தில் வைத்தாள்.