புலியின் அத்திம்பேர்

நான் கோதாவில் இறங்கியதற்குக் காரணம் வீரம் இல்லை, சர்க்கார் டாக்டரின் நாடா. அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலையை நிரந்தரம் செய்வதற்கு முன் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும் என்று அனுப்பினார்கள். டாக்டர் வெள்ளைக்காரர். மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டு, மூச்சை இழு என்றார். இழுத்தேன். நாடா அசையவில்லை. இன்னும் இழு என்றார். "இழுத்தாச்சு, ஸார்" என்றேன். பிப்ரவரியில் மறுபடியும் வர வேண்டும், அதற்குள் மார்பு விரியாவிட்டால் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது அக்டோபர் மாதம்.

வைஸ்ராய் கல்கத்தாவில் இருந்த காலம் அது. எங்கள் வீடு பாலிகஞ்சில், பின்னால் ஒரு குளமும் மூங்கில் புதரும் இருந்த இரண்டறை வீடு. வீட்டில் நான், என் மனைவி, அவளுடைய தம்பி. கும்பகோணத்தில் வேலையில்லாமல் இருந்த மைத்துனனை வரவழைத்து, ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுத வைத்தவன் நான்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் குத்திக்காட்டுவது போல் இருக்கும்.

அந்த நாளில் கல்கத்தாவுக்கு உடம்புப் பைத்தியம் பிடித்திருந்தது. எந்தச் சந்தில் நுழைந்தாலும் நாலு பேர் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஆசான் கிடைப்பது கஷ்டம் இல்லை, யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கஷ்டம். முதலில் பவானிப்பூரில் ஒரு பஞ்சாபி பயில்வானைப் போய்ப் பார்த்தேன். என் புஜத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சாதம், ரசம், மோர் என்றேன். ரசம் என்றால் என்ன என்றார். விளக்கினேன். ஒரு ஆட்டைத் தின்று முடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். அடுத்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தார். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போக ஒரு மாதம். ஏழாவது படத்தில்தான் மார்பு வந்தது. அதுவரை என் ஆபீஸ் காத்திருக்காது.

மூன்றாவது ஆள் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில் கோதா வைத்திருந்த வங்காளி. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். சர்க்கஸில் குண்டு தூக்கியவர். சர்க்கஸோடு மதராஸ், தஞ்சாவூர் வரை சுற்றியிருக்கிறார். நான் எந்த ஊர்க்காரன் என்று தெரிந்ததும் முகமெல்லாம் பல்லாக, "வா தம்பி, தண்ணி குடி" என்றார். எட்டு மாதமாக வீட்டு வாசலைத் தாண்டினால் தமிழ் கேட்காத காது எனக்கு. அங்கேயே கரைந்துபோனேன். நாடா விஷயத்தைச் சொன்னேன். என் விலா எலும்பின் மேல் இரண்டு கையையும் வைத்து மூச்சு விடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஹோபே" என்றார். ஆகிவிடும் என்று அர்த்தம். அவ்வளவு நம்பிக்கையோடு யாரும் என் உடம்பைத் தொட்டது கிடையாது.

நான் தேடினேன், நான் தேர்ந்தெடுத்தேன், அவர் எனக்குக் கிடைத்த ஆசான். மறுநாள் ஒரு தப்புச் செய்தேன். விடியற்காலையில் மூங்கில் புதர்ப் பக்கம் நரி நடமாட்டம் உண்டு என்பதால் துணைக்கு மைத்துனனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மைத்துனனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உருண்டைக் கன்னம், வெளுப்பான உடம்பு, கழுத்தில் இரண்டு மடிப்பு. எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான், எதைச் சொன்னாலும் சிரிப்பான். இது யார் என்று ஆசான் கேட்டார். மனைவியின் தம்பிக்கு இந்தியில் என்ன என்று எனக்குத் தெரியும். கம்பீரமாக, "சாலா" என்றேன். அகராதிப்படி சரிதான். ஆனால் அந்த ஊரில் வண்டிக்காரன் முரண்டு பிடிக்கும் மாட்டைக் கூப்பிடும் வசவு அது. கோதாவில் இருந்த ஐந்தாறு பேரும் மண்ணில் விழுந்து சிரித்தார்கள். ஆசானும் சிரித்தார். அப்புறம், பாவம், இவனுக்கு ஒரு நல்ல பெயர் வைக்கிறேன் என்று மைத்துனன் கன்னத்தைக் கிள்ளினார். ஒரு நிமிஷம் யோசித்தார். "புலி!" என்றார்.

வங்காளிகளுக்குச் செல்லப் பெயர் இல்லாமல் முடியாது. எழுதுவதற்கு ஒரு பெயர், கூப்பிடுவதற்கு ஒரு பெயர். எங்கள் ஊர்ப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழைவதும் இல்லை. என் பெயரை ஆசான் ஒரு தடவை சொல்லிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு "ஷுனோ" என்றுதான் என்னைக் கூப்பிட்டார். ஷுனோ என்றால் கேள் என்று அர்த்தம். அவன் புலி, நான் கேள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வங்காளத்தில் புலிக்கு பாக் என்று பெயர், அது எனக்குத் தெரியும். ஆகவே ஆசான் சொன்னது தமிழ்தான், சர்க்கஸில் பொறுக்கிக்கொண்டு வந்த தமிழ். புலிக்கூண்டு பக்கத்திலேயே கிடந்தவர் ஆயிற்றே. அந்தத் தமிழை என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குத்தானே மார்பு விரிய வேண்டும், வேலை நிலைக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் மைத்துனன் அக்காவிடம் சொல்லிவிட்டான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்க ஆசான் புளின்னு சொல்லியிருப்பார்" என்றேன் நான். "சமையலுக்குப் போடற புளி. அவாளுக்கு நாக்கு புரளாது."

"எந்தம்பியைப் பாத்து எதுக்கு அவர் புளின்னு சொல்லணும்? உங்களுக்கு ஏன் இப்படிப் புளிக்கிறது?" என்றாள்.

மறுநாள் காது கொடுத்துக் கேட்டேன். லி-யா ளி-யா என்று பஸ்கி போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். சந்தேகமே இல்லை, லி. மனைவி ஊருக்குக் கடிதம் போட்டாள். மாமியாரிடமிருந்து பதில் வந்தது: புலிக்குட்டிக்குத் தினம் நெய் விடு, கண் பட்டுவிடும், வெள்ளிக்கிழமை திருஷ்டி சுற்று. மாப்பிள்ளை சௌக்கியமா என்று கடைசி வரியில் இருந்தது.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. தினம் விடியற்காலையில் இருவரும் போவோம். கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்த அந்த மண்ணில் நான் நூறு தண்டால் எடுத்தால் ஆசான் "பேஷ்" என்பார். அவன் முப்பது எடுத்துவிட்டுக் குப்புற விழுந்தால், "புலி, எஷோ, எஷோ", வா வா என்று கையைப் பிடித்துத் தூக்குவார். பயிற்சி முடிந்ததும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் இஞ்சியும் தருவார்கள். நான் என் பங்கை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவேன். அவன் உட்கார்ந்து, அரைகுறை வங்காளத்தில் பேசி, சர்க்கஸ் கதை கேட்டு, இரண்டாம் தடவை கடலை வாங்கித் தின்றுவிட்டு வருவான். கர்லாக்கட்டை சுற்றும்போது என் கண் தானாக அவன் பக்கம் போகும். ஆசான் அவனுடைய முதுகில் தட்டினாரா, என்ன சொன்னார், எதற்குச் சிரித்தார்கள். ஒரு நாள் ஆசான் வந்து என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினார். மூச்சைப் பார், புலியைப் பார்க்காதே, மூச்சு நின்றுபோகிறது உனக்கு என்றார். வாஸ்தவம். பொறாமைப்படும்போது மூச்சு விட மறந்துவிடுகிறது என்பதை நான் அந்தக் கோதாவில்தான் கண்டேன். மார்பு விரிய வேண்டிய நேரத்தில் எனக்கு இறுகிக்கொண்டிருந்தது.

பொங்கல் வந்தது. வங்காளிகளுக்கும் அன்று சங்கராந்தி. நாங்கள் கல்கத்தாவில் கண்ட முதல் சங்கராந்தி அதுதான். மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மாள், என் மனைவி மாஷிமா என்று கூப்பிடுபவள், ஒரு பித்தளைத் தட்டை வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். இலையை நீக்கினாள். அரிசி மாவில் செய்து, உள்ளே தேங்காயும் ஈச்சவெல்லமும் வைத்து மூடி, பால் விட்டுக் கொதிக்கவைத்த வெள்ளை வெளேரென்ற பண்டம். கொழுகொழுவென்று, இரண்டு ஓரமும் கிள்ளிவிட்டு.

"கொழுக்கட்டைன்னா இது!" என்றாள் மனைவி. இது என்ன பெயர் என்று மாஷிமாவைக் கேட்டாள்.

"புலி" என்றாள் மாஷிமா.

நான் திண்டில் சாய்ந்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். புலி, புலி-பிட்டே, சங்கராந்திக்குச் செய்வோம் என்றாள். மனுஷனைப் புலி என்று கூப்பிடுவதுண்டா என்றேன். ஓ, கொழுகொழு குழந்தை இருந்தால் கொஞ்சுவோம் என்று சிரித்தாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு ஆனந்தம் எப்போதும் வந்ததில்லை, கல்யாணத்தன்று கூட இல்லை. மூன்று மாதமாக வயிற்றில் எரிந்த நெருப்பு அந்தத் தட்டைப் பார்த்த மாத்திரத்தில் குளிர்ந்துவிட்டது. கொல்லைப்புறம் ஓடினேன். மைத்துனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாஷிமா வீட்டு ஆண்கள் வேலியோரம் நின்று பார்க்க, கர்லாக்கட்டை சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"டேய் கொழுக்கட்டை!" என்றேன். "வாடா உள்ளே. உன் ஜாதிக்காரா எல்லாரும் தட்டு நிறைய வந்திருக்கா. புலின்னா என்னன்னு தெரியுமோ? மாவுப் பண்டம்டா! மாவுப் பண்டம்!"

அவனுக்குப் புரியவில்லை. அதையும் நானே, வேலியோரத்துக்காரர்களுக்கும் கேட்கும்படி, எனக்குத் தெரிந்த வங்காளத்தில் விளக்கினேன். இவன் தன்னை இத்தனை நாளாக பாக் என்று நினைத்துக்கொண்டிருந்தான் என்றேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மைத்துனனும் முதலில் சிரித்தான். அவன்தான் எதற்கும் சிரிப்பவன் ஆயிற்றே. அப்புறம் கட்டையை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டு, மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான். உள்ளே போனான். அந்தத் தட்டிலிருந்து அவன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவன் வேண்டாம் என்று சொன்ன முதல் தின்பண்டம் அது.

மனைவி என்னைப் பார்த்தாள். "திருப்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் எழுப்பினேன். "ஜலதோஷம், அத்திம்பேர். நீங்க போயிட்டு வாங்கோ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கடுத்த நாளும் ஜலதோஷம். பிறகு நான் எழுப்புவதை விட்டுவிட்டேன். நரியைப் பற்றி நினைக்காமல் தனியாகவே நடந்தேன்.

ஆசான் முழுக்க முழுக்க எனக்கே கிடைத்தார். விலாவில் கை வைத்து மூச்சு எண்ணினார். தோளுக்குக் கடுகெண்ணெய் தேய்த்துவிட்டார். இடையிடையே வாசலைப் பார்த்து, "புலி கோத்தாய்?" என்பார். புலி எங்கே? ஜலதோஷம் என்பேன். இத்தனை நாளாகவா என்பார். ஒரு நாள் இரண்டு கைப்பிடி கடலையை இலையில் கட்டி, புலிக்குக் கொடு என்று தந்தார். பொய் சொல்வானேன், அதை டிராமில் உட்கார்ந்து நானே தின்றேன்.

பிப்ரவரியில் டாக்டர் நாடாவைப் போட்டார். இழு என்றார். நாடா நகர்ந்தது. முழுசாக இரண்டு அங்குலம். அவர் நம்பாமல் இன்னொரு தடவை அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் வேலை நிலைத்துவிட்டது.

ஆபீஸ் முடிந்ததும் நேராகக் கோதாவுக்கு ஓடினேன். ஆசான் என்னைக் கட்டித் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். கண் கலங்கிவிட்டது எனக்கு. இதற்காகத்தானே இத்தனை மாதம் வெந்துபோனேன். அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்: "எல்லாருக்கும் ஒரு பெயர் வைத்தீர்கள். எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் வைக்கவில்லை?"

அவர் ஆச்சரியப்பட்டார். கோதாவில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் ஆச்சரியப்பட்டார்கள்.

"உனக்குப் பெயர் இல்லையா? முதல் நாளிலிருந்து இருக்கிறதே. நீ இல்லாதபோது நாங்கள் அப்படித்தான் சொல்வோம்."

"என்ன பெயர்?"

"புலிர் ஜமாய்பாபு" என்றார்.

ஜமாய்பாபு என்றால் அத்திம்பேர். பெயர் ஒன்றுக்காக ஏங்கிச் செத்தவனுக்குப் பெயர் இருந்திருக்கிறது, அதுவும் கொழுக்கட்டையோடு ஒட்டிக்கொண்டு. புலியிடம் போய்ச் சொல், சந்தோஷப்படுவான் என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

சொன்னேன். மைத்துனன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வேலை நிலைச்சுடுத்துடா" என்றேன். எழுந்து கையலம்பிவிட்டு வந்து நமஸ்காரம் பண்ணினான். "உன்னைத் தேடறார்டா. நாளைக்கு வாயேன்" என்றேன். "இல்லை அத்திம்பேர், எனக்கு அதெல்லாம் சரிப்படாது" என்று சிரித்தான். ஆனால் அது பழைய சிரிப்பு இல்லை.

அவன் அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. நான் மேலும் ஆறு வருஷம் போனேன். அந்தக் கொட்டகையில் என்னை எல்லாரும் அந்தப் பெயரில்தான் அழைத்தார்கள். இப்போது நேரிலேயே அழைத்தார்கள், நானும் "ஏன்" என்று குரல் கொடுத்தேன். புதிதாக வருபவன் எவனாவது, "யார் அந்தப் புலி, ஒரு நாளும் காணோமே?" என்று என்னிடமே விசாரிப்பான். என் மைத்துனன், முன்பு வந்துகொண்டிருந்தான் என்பேன். ஏன் நின்றுவிட்டான் என்பான். நான் கர்லாக்கட்டையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்துவிடுவேன்.