வெறுங்கையில் கட்டிய பூ

எனக்குப் பொறுமை கிடையாது. லிட்டில் இந்தியாவில் என்னிடம் பூ வாங்குகிற எல்லோருக்கும் இது தெரியும். ஒரு முழம் மல்லிகைக்கு ஊர்க்கதை பேசுகிறவர்களை நான் கடை முன்னால் நிற்க விடுவதில்லை. அப்படிப்பட்டவளை மூலையில் உட்கார வைத்துவிட்டது ஒரு கட்டைவிரல்.

வலி கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டின் ஓரத்தில். நாரை இழுத்து முடிச்சை இறுக்கும் ஒவ்வொரு முறையும் உயிர் போய் உயிர் வந்தது. பிறகு தேநீர்க் கோப்பையைத் தூக்குவதே பெரும்பாடு ஆயிற்று. வந்த நேரத்தைப் பாருங்கள், அப்போதுதான் மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மணமாலை கட்டிக் கொடுத்தவள் நான். என் பிள்ளைக்குக் கட்ட முடியாவிட்டால் இந்தக் கை இருந்தென்ன, இல்லாமல் போனால் என்ன?

செபராங் ஜெயாவில் தெரிந்த கடை இருக்கிறது, மாலைக்கு அங்கே சொல்லிவிடுகிறோம் என்றார்கள் சம்பந்தி வீட்டார். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்.

“எனக்கு நீங்க கட்டுற மாலைதான் வேணும். முடியலன்னா பரவால்லம்மா.”

அந்தப் ‘பரவால்ல’தான் என்னை அறுத்தது.

எனக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, இருப்பதால் ஊசி போடுவதைப் பிறகு யோசிக்கலாம், முதலில் பிசியோதெரபிக்குப் போங்கள் என்று டாக்டர் அனுப்பி வைத்தார். ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கடைவரிசையின் மேல்மாடியில் அந்த இடம். பிசியோ ஒரு தமிழ்ப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டைக் கீழே சாய்க்கச் சொன்னாள். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர் எட்டிப் பார்த்தார். விரலை இழுக்கிற தசைநார் ஓர் உறைக்குள் ஓடுகிறதாம். அந்த உறை வீங்கி, உரசிக்கொண்டே இருக்கிறதாம். நாரால் பிழைக்கிறவளுக்கு நாரிலேயே கோளாறா என்று அந்த வலியிலும் சிரிப்பு வந்தது.

லேசர் வைக்கலாம் என்றாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இரும்பையே அறுக்கிற சாமான் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டினாள், அவளும் ஒன்று மாட்டிக்கொண்டாள். தடித்த பேனா மாதிரி ஒன்றை மணிக்கட்டில் வைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சுடவில்லை, குத்தவில்லை. தைலம் தேய்த்தால் எரியும், உருவிவிடப் போனால் கதறவைப்பார்கள். வலி போவதற்குக் கொஞ்சமாவது வலிக்க வேண்டாமா?

“ஒண்ணுமே தெரியலியேம்மா. சுவிட்ச போட்டியா இல்லியா?” என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. என் பழைய கைப்பேசியில் கேமராவைத் திறந்து, இடது கையால் பிடிக்கச் சொன்னாள். கண்ணாடியை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது என்றாள். பிறகு அந்தப் பேனாவைத் தோலிலிருந்து நூலளவு தூக்கினாள்.

திரையில் என் மணிக்கட்டின் மேல் வெளிறிய ஒரு வெளிச்சம் நின்றது. கைப்பேசியை விலக்கினேன். பூச்சாறு ஏறிக் கறுத்த என் தோல்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. மறுபடி திரையைப் பார்த்தேன், வெளிச்சம் அங்கேயேதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளி கேமராவுக்குத் தெரியுமாம். அம்மாடி! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்று ஊரெல்லாம் வீம்பு பேசியவள் நான். இத்தனை நேரம் என் கைக்குள் ஒளி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது, நானோ சுவிட்சைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இது ஆத்துறது இல்லக்கா,” என்றாள் அவள். “உங்க உடம்புதான் ஆத்திக்குது. லைட்டு அதுக்குக் கொஞ்சம் கை குடுக்குது, அவ்ளோதான் லா.”

அன்றிலிருந்து அந்த மாடிப்படியைக் கோவிலுக்குப் போகிற பயபக்தியோடு ஏறினேன். வலி மெல்ல மெல்ல இறங்கியது. அவள் சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய்தேன், பூவைத் தொடவே இல்லை. ஆனால் பாதி இறங்கிய வலி அங்கேயே நின்றுவிட்டது. கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒளிக்குக்கூட என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா என்று அவளிடமே புலம்பினேன்.

அவள் என் மடியைப் பார்த்தாள்.

“அக்கா, உங்க கை என்ன பண்ணுதுன்னு பாருங்க.”

குனிந்து பார்த்தேன். இடது கை துப்பட்டாவின் நுனியைப் பிடித்திருந்தது. வலது கை இல்லாத பூவை எடுத்து, இல்லாத நாரைச் சுற்றி, கட்டைவிரலால் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்தால், பஸ்ஸிலும் கட்டியிருக்கிறேன், டிவி முன்னாலும் கட்டியிருக்கிறேன், கோவிலில் கண்ணை மூடி நின்றபோதும் கட்டியிருக்கிறேன். அந்த ஒளி ஆற்ற ஆற்ற நான் வெறுங்கையில் பூக்கட்டிப் புண்ணாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். என் கை என்னைக் கேட்காமலே இத்தனை காலம் வேலை செய்கிறதே என்று வியப்பதா, அதைத் திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

விரல் அடங்க, கையில் எதையாவது வைத்துக்கொள்ளச் சொன்னாள். நான் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டேன். அதோடு பஸ் ஏறினேன், பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனேன். எந்தச் சாமியார் மந்திரித்துக் கொடுத்தார் என்று பக்கத்துக் கடைக்காரி கேலி செய்தாள். லேசர் சாமியார் என்றேன். பழம் வாடினால் வேறு பழம். நின்றுபோயிருந்த வலி மறுபடி இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் பிசியோ என் விரலை மடக்கி மணிக்கட்டைச் சாய்த்தாள். நான் கத்துவதற்கென்று திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். இனி கட்டலாம், ஆனால் விட்டு விட்டுக் கட்ட வேண்டும் என்றாள்.

மகளுக்கு ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டினேன். கொஞ்சம் கட்டுவேன், எலுமிச்சையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன், மறுபடி கட்டுவேன். பொறுமையே இல்லாதவள் பொறுமையாகக் கட்டிய மாலை அது ஒன்றுதான்.

மண்டபத்தில் மாப்பிள்ளை அந்த மாலையை உயர்த்தினார். என் மகள் தலை குனிந்தாள். மாலை அவள் தோளில் இறங்கியதும் நிமிர்ந்து, அவ்வளவு கூட்டத்திலும் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். கண்ணீர் என் கண்ணை மறைத்தது. துடைக்கலாம் என்று கையைப் பார்த்தால், எலுமிச்சையை எங்கோ வைத்துவிட்டிருக்கிறேன். இடது கையில் புடவைத் தலைப்பு. வலது கை அதன் நுனியில் பூக்கட்டிக்கொண்டிருந்தது, துளியும் வலிக்காமல்.

கட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.