புளி போட்டு விளக்கிய அரிவாள்

ஆயுத பூஜை நெருங்கினாலே எனக்குப் பயம்தான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் பெயிண்டர். பகலெல்லாம் பழைய லாரியைப் புதுசாக்குவேன். வீட்டுக்கு வந்தால் புதுசைப் பழசாக்குவேன். சினிமாவில் வந்த சாமான்களைச் சேகரிக்கும் கிறுக்கு எனக்கு. கிடைக்காததை நானே அச்சு அசலாகச் செய்துகொள்வேன். வில்லனின் கைத்தடி, பேய்ப்படத்துப் பூட்டு, போலீஸ் தொப்பி என்று ஒரு அறையே நிறைந்து கிடக்கிறது. அந்த அறைக்கு என் மனைவி வைத்த பேர் குடோன்.

ஒரு பொருளைச் செய்வது பெரிய வேலையே இல்லை. அதற்கு வயசு ஏற்றுவதுதான் உயிரை வாங்கும். உப்புத் தண்ணீரில் போட்டுத் துரு பிடிக்க வைத்து, டீத்தூள் சாயம் ஏற்றி, கழிவு ஆயில் தடவித் துடைத்து, அதற்குமேல் கறை தீட்ட வேண்டும். இதை யாரிடம் சொன்னாலும் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

அந்த அறையில் அசல் என்று சொல்ல ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் ஒரு படப்பிடிப்பு நடந்தபோது அவர்கள் லாரிக்கு நான்தான் பெயிண்ட் அடித்தேன். வேலை பிடித்துப்போய், கலை இயக்குநரின் உதவியாளர் ஒருவர் கதாநாயகன் பிடித்த அரிவாளை எனக்குக் கொடுத்தார். ஓரத்தில் பல் உடைந்த மாதிரி ஒரு தழும்பு, அலகு முழுக்கக் காய்ந்த ரத்தக்கறை. அதைப் பார்த்து லாரி ஸ்பிரிங் பட்டையில் இன்னொன்று அடிக்க வைத்து, தழும்பையும் கறையையும் அப்படியே கொண்டுவந்தேன். நாளைக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று என்னுடையதில் பிடியை ஒட்டி மூன்று புள்ளி குத்தி, அதன்மேல் கறையைத் தீட்டி மறைத்தேன். பள்ளிபாளையத்தில் இருக்கும் என் சகலை ஆசைப்பட்டுக் கேட்கவும், அந்த நகலை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

போன வருஷம் ஆயுத பூஜை வாரத்தில் அதே உதவியாளர் போன் செய்தார். இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். அந்த அரிவாள் வேண்டுமாம். “டைட்டில்ல உங்க பேரைப் போட்டுடறோம்ணே” என்றார். இத்தனை வருஷத்தில் நான் பெயிண்ட் அடித்த லாரிகளில் எல்லாம் அடுத்தவர் பேரைத்தான் எழுதியிருக்கிறேன். என் பேர் திரையில் வரும் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் பட்டறையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் சுத்தியல், ஸ்பேனர், அரிவாள்மணை எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் அந்த அரிவாள். பளபளவென்று, மூஞ்சி பார்க்கலாம் போல.

“என்ன பண்ணி வெச்சிருக்கறே?”

“புளித்தண்ணீல ஊறப்போட்டு வெளக்குனனுங்க. ஒரு மணி நேரம் தேச்சனுங்க, கையே போச்சு. ரத்தக்கறையோட சாமி முன்னால வெக்க முடியுமுங்களா?”

கத்தினேன். வீதியில் போனவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அறிவிருக்கிறதா, அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரியாத வீட்டில் வந்து மாட்டிக்கொண்டேனே என்றேன். அவள் அரிவாளை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

“ஏனுங்க, இதென்னுங்க மூணு புள்ளி?”

வாங்கிப் பார்த்தேன், நான் குத்திய புள்ளியேதான். சகலைக்கு அசலைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். நான் செய்ததைச் சுவரில் மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அசல் என்று பெருமை பீற்றியிருக்கிறேன்.

“எது அசலுன்னு உங்களுக்கே தெரியில. என்னைய வெய்யறீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த சாமானை விளக்கப் போய்விட்டாள்.

பஸ் பிடித்துப் பள்ளிபாளையம் ஓடினேன். சகலை வாழைக்குலை வெட்டிக்கொண்டிருந்தார். எதனால் என்று கேட்க வேண்டியதே இல்லை.

“வாங்க சகல. சும்மா சொல்லக்கூடாதுங்க, அருமையான இரும்பு. ஓரத்துல பல்லு போயிருந்துச்சு, அதையும் சாணை புடிச்சுச் சரி பண்ணிப்போட்டனுங்க.”

கறை இல்லை, துரு இல்லை, அந்தத் தழும்பும் இல்லை. நல்ல மனுஷன், ஒரு சீப்புப் பழத்தை வேறு கையில் கொடுத்து அனுப்பினார். அவரை நான் என்னவென்று திட்டுவது?

என்னுடையதில் தழும்பாவது மிச்சம் இருந்தது. நான்கு நாள் லீவு போட்டு அதற்கு மறுபடி துருவும் கறையும் ஏற்றினேன். ஆனால் இந்த முறை புள்ளிகளை மறைக்கவில்லை. ஏமாற்றினேன் என்ற பேர் வேண்டாம். வந்த உதவியாளரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் சிரித்தார். “முதல் பாகத்துலயே நாங்க மூணு அரிவா வெச்சிருந்தோம்ணே. எது எந்த ஷாட்ல வந்துச்சுன்னு எங்களுக்கே தெரியாது.”

நான் தழும்பைப் படம் பிடித்து, அளவெடுத்து, தூக்கம் கெட்டதெல்லாம் இதற்குத்தானா என்று பற்றிக்கொண்டு வந்தது. அரிவாளைக் கையில் கொடுத்து, பேரை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

படம் வந்த முதல் நாளே மனைவியுடன் போனேன். டைட்டிலைக் கண் கொட்டாமல் பார்த்தேன். நன்றி என்று போட்டு ஏரிக்கரை டீக்கடைக்காரர் பேர்கூட வந்தது. என் பேர் வரவில்லை. இவ்வளவுக்கும் என் பேரை அவரிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பாதிப் படத்தில் அரிவாள் வந்தது. திரை முழுக்க அலகு, துரு, கறை. பிடியை ஒட்டி மூன்று புள்ளி, ஒவ்வொன்றும் தட்டு அகலத்துக்கு.

“ஏனுங்க, நம்ம புள்ளிங்க! நீங்க குத்துனதுங்க!” என்று அவள் எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்து நாலைந்து பேர் “உக்காருங்க, உக்காருங்க” என்று சத்தம் போட்டார்கள்.

நான் அவளை உட்காரச் சொல்லவில்லை.