அங்கம்மாள் ஏற்றாத அடுப்பு

ஒரு குடும்பம் இரண்டு நாள் வெளியே போய்க் கூடாரம் போட்டுத் தங்குவதற்கு என்னென்ன சாமான் வேண்டும்? பட்டியல் எழுதுவதற்காக நோட்டும் பேனாவுமாகத் தோழி அபிநயா வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை அவள் அம்மா அங்கம்மாள் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் அபிநயாவும் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தோம். ஆனால் இது எந்தப் பாடத்திலும் வரவில்லை. என்னைப் பற்றி இது போதும். மீதி எல்லாம் அங்கம்மாளின் கதை.

அங்கம்மாளுக்கு வயது நாற்பத்தாறு. வாலாஜாபாத் பக்கத்தில் பிறந்து, இருபதாவது வயதில் கண்ணாயிரத்தைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு வந்தவள். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்காத சில வீடுகளில் அவர்கள் வீடும் ஒன்று. கண்ணாயிரம் சாமியானா, நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் அங்கம்மாளின் அடுப்பு. கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்களும் வருவார்கள், அழுத கண்ணோடு சாவு வீட்டுக்காரர்களும் வருவார்கள். யார் வந்தாலும் கண்ணாயிரம் உட்கார்ந்த இடத்தில் இருந்து தலையைக்கூடத் திருப்பாமல், "அங்கம்மா, டீ!" என்பார். ஒரு நாளைக்குக் குறைந்தது பதினைந்து முறை. ஊரில் பாதி விசேஷங்களின் சாம்பார் அவள் தேய்த்துக் கொடுத்த அண்டாவில்தான் கொதித்தது. அந்தப் பந்திகளில் அவளை உட்கார வைத்துப் பரிமாறியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

பரீட்சை முடிந்ததும் அபிநயா ஆன்லைனில் ஒரு சின்னக் கூடாரம் வாங்கினாள். நாலு பேர் படுக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. அதைக் கூடத்தில் விரித்து, இரண்டு வளைகம்பிகளைச் சொருகியதும் அது ஆவியில் வெந்த இட்லி மாதிரி உப்பி நின்றது.

கண்ணாயிரம் வந்து பார்த்தார். "இன்னாம்மா இது, கொசுவலையா? முப்பது வருசமா டென்ட் போட்டுக்கினு இருக்கறவன் பொண்ணு, ஆன்லைன்ல டென்ட் வாங்கிக்கினு வந்திருக்குது. வெளிய சொல்லாத, கடை பேரு கெட்டுடும்" என்று சிரித்துவிட்டுக் கடைக்குப் போனார்.

அங்கம்மாள் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கக் குனிந்து நுழைந்தாள். ஜிப்பை உள்ளிருந்தே இழுத்து மூடினாள். அந்த நேரம் பார்த்து முன்பக்கத்தில் இருந்து சத்தம் வந்தது. "அங்கம்மா, டீ!"

அவள் பேசாமல் இருந்தாள். மறுபடி சத்தம். அப்போதும் பேசாமல் இருந்தாள். அங்கம்மாளின் வாழ்க்கையில், உள்ளிருந்து மூடக்கூடிய கதவு, குளியலறைக் கதவைத் தவிர, இதுதான் முதல். அதிலும் குளியலறைக் கதவைத் தட்டுவார்கள். துணியை எப்படித் தட்டுவது?

வெளியே வந்ததும் அவளே சொன்னாள். "போலாம்டி. எல்லாரும் போலாம்."

மாகறலுக்கு அந்தப் பக்கம், செய்யாற்றங்கரையில், ஜோசுவா என்பவரின் மாந்தோப்பு இருக்கிறது. கண்ணாயிரத்துக்குத் தெரிந்தவர். தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் உண்டு. அங்கே போவது என்று முடிவானது. பட்டியல் போட எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

அபிநயா முதலில் சொன்னாள். கூடாரம், நாலு பாய், போர்வை, டார்ச், கொசுவுக்குத் தடவும் களிம்பு, தண்ணீர் கேன் இரண்டு. அதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் அண்ணன் பிரேம்நாத் செல்போன் கடையில் வேலை செய்கிறவன். அவனுடைய பட்டியலில் மூன்று பவர்பேங்க், நெற்றியில் கட்டும் விளக்கு, பாட்டுப் போடும் ஸ்பீக்கர், பதினோரு வேலை செய்யும் ஒரு கத்தி. அந்தக் கத்தி இன்றுவரை பன்னிரண்டாவது வேலையாக, மடங்கி உட்கார்ந்துகொண்டு திறக்க மறுப்பதைத்தான் செய்துவருகிறது.

கண்ணாயிரம் தொண்டையைச் செருமினார். "எழுதிக்கோ. பதினஞ்சுக்குப் பதினஞ்சு சாமியானா ஒண்ணு. ஜமுக்காளம் ரெண்டு. சேரு இருவது. சீரியல் லைட்டு நாலு செட்டு. ஜெனரேட்டரு."

"நாலு பேருக்கு இருவது சேரு எதுக்கு நைனா?" என்றாள் அபிநயா.

"வர்றவங்க ஒக்கார வேணாமா?"

"யாரு வர்றாங்க?"

"யாருனா வருவாங்கம்மா. சேரு போட்டா ஆளு வரும். என் அனுபவத்துல சொல்றன்."

கடைசியில் அங்கம்மாள் பக்கம் திரும்பினார்கள். அவள் ஒன்றுதான் சொன்னாள். "அடுப்பு வரக்கூடாது."

"அடுப்பு இல்லாம இன்னாத்த தின்றது?" என்றார் கண்ணாயிரம்.

"கோவில் இட்லி செஞ்சி எடுத்துக்கறன். ரெண்டு நாளு கெடாது. புளிசோறு இருக்குது, தட்டை இருக்குது, வாழப்பழம் இருக்குது. நீங்க ஏத்தற சாமான் இன்னாவா வேணா இருக்கட்டும், மாநாட்டுக்கே ஏத்துங்க. அடுப்பு ஏறிச்சின்னா நான் எறங்கிடுவன்."

"டீ?"

"மாகறல்ல கடை இருக்குதுங்க. காலு இருக்குது இல்ல?"

கண்ணாயிரம் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் சுவரைப் பார்த்தார்கள். "சரிப்பா, வராது. சத்தியமா வராது" என்றார்.

இரண்டு நாள் சமைக்காமல் இருப்பதற்காக அங்கம்மாள் அதற்கு முந்தின நாள் முழுவதும் சமைத்தாள். அரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு போட்டு, டம்ளர் டம்ளராக இட்லியை வேகவைத்தாள். வீட்டில் ஒருவரும் இதில் இருக்கும் வேடிக்கையைக் கவனிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் குட்டியானை வண்டியில் சாமான் ஏறியபோது, திரும்பி வரும் பாத்திரங்களைச் சரிபார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடுப்பு இல்லை. ஒரு ஜமுக்காளச் சுருள் மட்டும் கொஞ்சம் தடிமனாக இருந்தது. சத்தியம் செய்த மனிதரின் ஜமுக்காளத்தைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டாள். இருபத்தாறு வருடத்தில் அவள் செய்த பெரிய தவறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வாள்.

தோப்பில் வண்டி நின்றதும் ஜோசுவா சாமான்களைப் பார்த்தார். "ஃபேமிலியோட கேம்ப்பிங்னு தானண்ணே சொன்னீங்க? கட்சிக்காரங்க எப்ப வர்றாங்க?"

அபிநயாவின் கூடாரம் பத்து நிமிடத்தில் ஒரு மாமரத்தடியில் எழுந்து நின்றது. சாமியானாவுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஜோசுவாவும் பிரேம்நாத்தும் கம்பம் நட்டார்கள். கண்ணாயிரம் இடுப்பில் கை வைத்து, "இழு, இன்னும் இழு" என்றார். அங்கம்மாள் முதல்முறையாக ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்து ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் பழகிவிட்டது.

மூன்று மணி இருக்கும். வரப்பு வழியாகப் பக்கத்து ஊர் கலியாணசுந்தரம் வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு சாமந்தி மாலை, முகத்தில் துக்கம். கண்ணாயிரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "எப்ப எடுக்கறீங்க?"

"எத?"

"மைக்கு இல்ல, லைட்டு இல்ல, சாமியானா மட்டும் தெரிஞ்சிது. சரி, யாரோ தவறிட்டாங்கன்னு மாலைய வாங்கிக்கினு ஓடியாறன். யாருப்பா, பெரியவங்களா?"

"யாரும் சாவலீங்க! நாங்க கேம்ப்பிங் வந்திருக்கறோம். வெளிய வந்து தங்கறது."

கலியாணசுந்தரம் அங்கம்மாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலை இன்னும் தாழ்த்தினார். "வூட்ல எதனா சண்டையா?"

கண்ணாயிரத்துக்கு மானப் பிரச்சனை ஆகிவிட்டது. தன் சாமியானாவைப் பார்த்து மாலை வாங்கிவிட்டார்களே! உடனே ஜெனரேட்டரை ஓட்டி, நாலு செட்டு சீரியல் லைட்டையும் எரியவிட்டு, பிரேம்நாத்தின் ஸ்பீக்கரில் பாட்டும் வைத்தார். "இப்ப எவனாவது சாவுன்னு சொல்லட்டும் பாப்போம்."

ஒருவரும் சொல்லவில்லை. விசேஷம் என்று சொன்னார்கள். ஐந்தரை மணிக்குள் முப்பது பேர் வந்துவிட்டார்கள். லோகாம்பாள் என்ற அம்மா தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு வந்து, அபிநயாவின் கன்னத்தைத் தடவினாள். "பொண்ணுக்கு சடங்கா? கொஞ்சம் லேட்டுதான், பரவால்ல."

அபிநயா கூடாரத்துக்குப் பின்னால் ஓடினாள்.

இருபது நாற்காலியும் நிரம்பி, பத்துப் பேர் நின்றார்கள். கண்ணாயிரத்துக்கு ஒரே பெருமை. "பாத்தியா, சேரு பத்தல!" என்று மகனிடம் சொன்னார். நாற்காலி நிறைந்தால் அடுத்தது பந்தி. முப்பது வருடப் பழக்கம் அவர் வாயில் இருந்து தானாக வந்தது. "யாரும் சாப்புடாம போவக்கூடாது!"

சொல்லிவிட்டு நேராக வண்டிக்குப் போனார். தடித்த ஜமுக்காளத்தைப் பிரித்தார். உள்ளே இருந்து, கடையில் வாடகைக்கு விடுகிற மூன்றுகால் இரும்பு அடுப்பு உருண்டு வந்தது. தண்ணீருக்கென்று சொல்லி ஏற்றிய டிரம்முக்குள் இருந்து கேஸ் சிலிண்டர் வந்தது. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இருந்து ஒரு அண்டாவும் ஐந்து கிலோ ரவையும் வந்தன.

"டீ போடலாம்னு கொண்டாந்தன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

நூறு பேருக்குச் சோறாக்கும் அடுப்பு. டீ போடுவதற்கு.

முப்பது முகமும் அங்கம்மாள் பக்கம் திரும்பின. "இன்னா சமையல்மா?" என்று லோகாம்பாள் ஆசையாகக் கேட்டாள். அங்கம்மாள் எழுந்தாள். கை தன்பாட்டுக்கு முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியது. இரண்டு அடி நடந்தாள். அடுப்பு அவளைப் பார்த்தது. அதன் கரியை எத்தனை முறை சுரண்டியிருப்பாள் என்று அதற்குத்தான் தெரியும்.

அவள் நின்றாள். சொருகிய முந்தானையை வெளியே இழுத்து, ஒருமுறை உதறிவிட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. அடுப்ப ஏத்தினவருதான் சமைக்கறாரு. நல்லா ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். வண்டியில் இருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். கூடாரத்துக்குள் நுழைந்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

உள்ளே இருந்து எல்லாம் கேட்டது.

"அங்கம்மா, ரவைக்குத் தண்ணி எவ்ளோ?"

அங்கம்மாள் ஓர் இட்லியைப் பிட்டாள்.

"அங்கம்மா! கேக்குதா?"

"ரவைய வறுக்காம கொட்றியேப்பா!" இது லோகாம்பாள். "கடுகு எங்க? ஐயோ, கரண்டிய அப்படியா புடிப்பாங்க? முப்பது வருசமா அண்டா வாடகைக்கு வுடறன்னு சொன்னியே, உள்ள எட்டிப் பாத்ததே இல்லயா?"

பெரிய சிரிப்பு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வந்தது. அதற்குப் பிறகு நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம். மாட்டுக்குத் தண்ணி காட்டணும், பையன் வருவான், இன்னொரு நாள் வர்றம்பா. கலியாணசுந்தரம் மட்டும் இருந்து சாப்பிட்டார். இலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வந்த வேலை முடிந்தவர் போலச் சொன்னார். "சாவு வூட்ல கூட இதவுட நல்லா போடுவாங்கப்பா."

அபிநயா கூடாரத்து ஜிப் பக்கம் வந்து நின்று, "மா, நானும் உள்ள வரட்டா?" என்று கேட்டாள். அவளுக்கு மட்டும் திறந்தது.

ஞாயிறு முழுவதும் கண்ணாயிரம் அண்டாவில் ஒட்டியதைச் சுரண்டினார். ஆற்று மணலும் தேங்காய் நாரும் எப்படிப் பயன்படும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். அங்கம்மாள் மாகறல் கடைக்கு நடந்து போய், உட்கார்ந்து, யாரோ போட்ட டீயைக் குடித்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு மூன்று முறை போய்விட்டார்கள். சாமியானா வருவதில்லை. நாற்காலி நாலு. இட்லியை இப்போது சின்னக் காஞ்சிபுரத்தில் விலைக்கு வாங்குகிறார்கள். ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்று மட்டும் போகிறது. அதன் பிடியில், வாடகைப் பாத்திரங்களுக்குக் கட்டுகிற மாதிரி ஓர் அட்டை தொங்குகிறது. அதில் அங்கம்மாள் கையெழுத்தில் "கண்ணாயிரம்" என்று எழுதியிருக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடம் அவர், "கேம்ப்பிங்னா சமையல் நம்மளுதுதான், ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்" என்று சொல்லிக்கொள்கிறார். வீட்டில் இருக்கும்போது "அங்கம்மா, டீ!" இன்னும் நிற்கவில்லை. பதினைந்து பத்தாகியிருக்கிறது. சில சமயம் கூடத்தில் கூடாரம் விரித்திருக்கும், ஜிப் மூடியிருக்கும். அன்றைக்கு வாடகை பேச வருகிறவர்களுக்குக் கண்ணாயிரமே போய் டீ வாங்கி வருகிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஊருக்குக் கிளம்பச் சாமான் கட்டிக்கொண்டிருந்தால், இந்தக் கதையை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். முக்கியமாக, ஜமுக்காளத்தைத் தானே சுருட்டுவதாகச் சொல்கிறவருக்கு அனுப்பி வையுங்கள். அவரிடம் இருந்து இன்னும் நாலு பேருக்குப் போகட்டும்.