நோட்பூர்காவின் குளவிகள்

ஆப்பிள் விளையும் வின்ஷ்காவ் மலைப் பள்ளத்தாக்கில் நோட்பூர்கா டப்பைனரைப் பிடிவாதக்காரி என்றுதான் சொல்வார்கள். நாற்பத்தெட்டு வயது, இருநூறு ஆப்பிள் மரங்களைத் தனியாளாகப் பார்த்துவந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருஷம் ஜூனிலேயே இலைகளில் வெளுத்த கொப்புளங்கள் கிளம்பின. எள்ளளவு அந்துப்பூச்சியின் புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே குடியிருந்து பச்சையைத் தின்றது. ஊரே மருந்தடித்தது. அடிக்க அடிக்கக் கொப்புளம் கூடியது. நோட்பூர்கா அந்த இலைகளைப் பறித்து ஜாம் ஜாடியில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி ஜன்னலில் வைத்தாள். பத்து நாளில் அந்துகளோடு கொசுவைவிடச் சிறிய குளவிகளும் வெளிவந்தன. புழுவைத் தின்று வளர்ந்தவை.

ஜாடியோடு கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்குப் போனாள்.

"மருந்து புழு மேல படவே இல்ல. அது தோலுக்குள்ள சொகமா இருக்கு. வெளிய திரியிற குளவிதான் சாவுது. நான் இனிமே அடிக்க மாட்டேன்."

பக்கத்துத் தோட்டக்காரன் லாதுர்னர் சிரித்தான். "ஜாடியில பூச்சி வளக்கிறவ நமக்குப் புத்தி சொல்ல வந்துட்டா! ஒன் பூச்சி என் தோட்டத்துக்கு வந்தா?"

"ஒன் மருந்து என் தோட்டத்துக்கு வருதே, அத நான் எந்த ஜாடியில புடிக்கிறது?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "மருந்தடிக்காத பழத்தச் சங்கம் எடுக்காதும்மா."

"எடுக்காதீங்க. ரோடு இருக்கு, நின்னு விக்க எனக்குக் காலும் இருக்கு."

அந்த ஆகஸ்டில் அவள் மரங்கள் பாதி மொட்டையாகின. பழம் சிவக்காமல் எலுமிச்சை அளவிலேயே உதிர்ந்தது. அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, உதிர்ந்ததைப் பிழிந்து சாறாக்கி ரோட்டோரம் விற்றாள். விழுந்த இலைகளை எரிக்கச் சொன்னார்கள்; மறுத்துவிட்டாள். குளவிகளும் அதற்குள்தானே குளிர்காலத்தைக் கழிக்கும்.

மறுவருஷம் மொட்டு குறைவுதான். ஆனால் ஜூலையில் தேடித்தான் கொப்புளத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஐந்து முறை மருந்தடித்த லாதுர்னரின் மரங்களோ இலை கொட்டின. ஒரு காலையில் அவன் வேலியோரம் வந்து நின்றான்.

"கொஞ்சம் இலை குடுப்பியா? குளவி இருக்கிற இலையாப் பாத்து."

"அள்ளிக்க. மொதல்ல மருந்துக் குழாய மூடு. செத்த குளவி வேல செய்யாது."

மூடினான்.

அறுவடைக்கு முன் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: பழத்தை எடுத்துக்கொள்கிறோம். அதன் அடியிலேயே அவள் எழுதித் திருப்பியனுப்பினாள்: "பக்கத்துத் தோட்டங்களில் என் வேலியை ஒட்டிய மூன்று மர வரிசைகளில் யாரும் மருந்தடிக்கக் கூடாது. சம்மதமென்றால் கையெழுத்துப் போடுங்கள்."

பதினாறாம் நாள் அந்தக் கடிதத்தோடு, பழம் ஏற்றச் சங்கத்தின் வண்டி வந்தது. தான் எழுதியதற்குக் கீழே இருந்த செயலாளரின் கையெழுத்தை இரண்டு முறை பார்த்த பிறகுதான் வாசற்கதவைத் திறந்தாள்.